தட்டைப் படத்தை ஸ்டீரியோ ஆக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. திண்ணையில் ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மாமாக்களும் சித்தியும் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் பாதி உடம்பு வெட்டுப்பட்டு ஒரு சின்னப் பையன். சுவரில் முருகன் காலண்டர். இதை ஸ்டீரியோ படமாக, அதாவது இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டி ஆழம் தெரியச் செய்யும் படமாக, மாற்ற உட்கார்ந்தவன், இந்த வேலையில் வரக்கூடிய கோளாறு எல்லாவற்றையும் அந்த ஒரே படத்தில் பார்த்துவிட்டேன். அதனால் கீழே அந்தப் படம் அடிக்கடி தலைகாட்டும்.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் டெப்த் மேப்: கிட்டே இருப்பது வெள்ளை, தூரத்தில் இருப்பது கறுப்பு என்று ஒரு சாம்பல் நிறப் படம். அடுத்து நகர்த்தல்: அந்தச் சாம்பலின் அளவுக்கு ஒவ்வொரு பிக்சலையும் பக்கவாட்டில் தள்ளி, மற்றொரு கண்ணுக்கான படத்தை உருவாக்குவது. கடைசியாகக் காட்டுதல்: சிவப்பு-சயான் (நீலப்பச்சை) கண்ணாடிக்கான அனாகிளிஃப்பாகவோ (இரண்டு படங்களையும் இரண்டு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஒரே படம்), பக்கத்துப் பக்கத்தில் வைத்த ஜோடியாகவோ வெளியிடுவது. கோளாறு எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் கை வைத்தால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம். நான் கெடுத்தேன்.

எனவே எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. இரண்டு லென்ஸ் கேமராவால் எடுத்த, நன்றாக இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த உண்மையான ஸ்டீரியோ ஜோடி ஒன்றை, அதே திரையில், அதே கண்ணாடியில், அதே மென்பொருளில் திறந்து பாருங்கள். அதுவும் சரியாகத் தெரியவில்லை என்றால் குற்றம் காட்டுதலில் இருக்கிறது. டெப்த் மேப்பைத் தொட வேண்டாம். அது நன்றாகத் தெரிந்தால் மற்ற இரண்டு கட்டங்களில் தேடலாம்.

ஒன்றுமே எழும்பவில்லை

இரண்டு படங்களையும் ஜிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு (இரண்டும் வேறுபடும் இடத்தை மட்டும் காட்டும் முறை) மாற்றுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் நகர்த்தலே நடக்கவில்லை. டெப்த் மேப்புக்குப் பதில் மூலப் படத்தையோ காலி லேயரையோ கொடுத்திருப்போம், அல்லது நகர்த்தும் அளவு சுழியமாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் கோடு தெரிந்தால் படம் மொத்தமும் ஒரே அளவு தள்ளப்பட்டிருக்கிறது. மேப்பில் கறுப்பு வெள்ளை வேறுபாடு போதவில்லை என்று பொருள். கிட்டத்துப் பொருளில் தடித்தும் தூரத்துப் பொருளில் மெலிந்தும் கோடு வந்தால் படம் சரி.

அப்படியும் எழும்பவில்லையா? பார்ப்பவரின் கண்ணை யோசிக்க வேண்டும். சிறுவயதில் மாறுகண் இருந்தவர்களுக்கும் ஒரு கண் சோம்பலாக உள்ளவர்களுக்கும் இந்தவகை ஆழம் தெரியாமல் போகலாம். என் நண்பர் ஒருவர் ஆறு மாதம் "சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு எதுவுமே எழும்பியதில்லை. மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆழம் இருக்கிறது, ஆனால் ஏதோ தலைகீழ்

சுவர் முன்னாலும் ஆட்கள் பள்ளத்திலும் தெரிகிறார்களா? இடது வலது மாறிவிட்டது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. முகம் உள்வாங்கியிருக்கிறது என்று மூளை லேசில் ஒப்புக்கொள்ளாது. முகத்தை எப்படியாவது வெளியே தள்ளியே பார்க்கும். அதனால் முகங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோளுக்கும் சுவருக்கும் இடையில் எது முன்னால் என்று பாருங்கள்.

கண்ணாடி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இடது கண்ணுக்கான படத்தில், பின்னணியோடு ஒப்பிட்டால் கிட்டத்துப் பொருள் சற்று வலப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். வலது கண் படத்தில் இடப்பக்கம். இப்படி இல்லையென்றால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஸ்டீரியோஃபோட்டோ மேக்கரில் அதற்கு ஒரு பொத்தானே உண்டு. மசுஜி சுட்டோ என்ற ஜப்பானியர் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள் அது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேருவார்கள்.

ஆனால் மாற்றுவதற்கு முன் ஏன் தலைகீழானது என்று பாருங்கள். சில மென்பொருள்களில் வெள்ளை கிட்டே, சிலவற்றில் வெள்ளை தூரம். சிவப்பு இடது கண்ணுக்கு என்பதுதான் வழக்கம். கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருந்தால் அதுவும் இதே அறிகுறியைத் தரும். பக்கத்துப் பக்கத்து ஜோடியைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவர்களில் சிலர் கண்ணை நேராக விட்டுப் பார்ப்பார்கள், சிலர் மாறுகண் வைத்துப் பார்ப்பார்கள். ஒருவருக்காகச் செய்தது மற்றவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். இரண்டு தவறுகள் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு படம் சரியாகத் தெரிவதும் நடக்கும். அப்புறம் ஒருநாள் ஒன்றை மட்டும் திருத்தி, "நேற்று நன்றாக இருந்ததே" என்று முழிப்போம்.

ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி இழுபடுகிறது

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழையவர்களும்தான்.

ஆச்சியை இடப்பக்கம் தள்ளினால் அவருக்கு வலப்பக்கத்தில், இதுவரை மறைந்திருந்த சுவர் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். அந்தச் சுவர் நம் படத்தில் கிடையாது. கேமரா அதைப் பார்த்ததே இல்லை. மென்பொருள் என்ன செய்யும்? பக்கத்தில் கிடைத்ததை இழுத்து நிரப்பும். சேலை முந்தானை சுவர்வரை ஜவ்வாக நீளும்.

முதலில் இழுவை எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். வலது கண் படத்தில் பொருளின் வலப்பக்கத்தில் இழுவை வருவது இயல்பு. அங்கேதான் இடைவெளி திறக்கிறது. இடது கண் படத்தில் இடப்பக்கம். எதிர்ப்பக்கத்தில் சிதைவு இருந்தால் அது இடைவெளிச் சிக்கல் அல்ல. டெப்த் மேப்பின் ஓரம் பொருளின் ஓரத்தோடு பொருந்தவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஓரம் பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் தானியங்கி மேப்தான். 2019இல் இன்டெல் ஆய்வாளர்கள் வெளியிட்ட மைடாஸ், 2024இல் வந்த டெப்த் எனிதிங் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் படத்தை உள்ளுக்குள் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. மைடாஸின் பல வடிவங்கள் 384 பிக்சலுக்கும், டெப்த் எனிதிங் 518 பிக்சலுக்கும் சுருக்கும். நீங்கள் 4000 பிக்சல் ஸ்கேனைக் கொடுத்தாலும் திரும்பி வருவது ஊதிப் பெரிதாக்கிய மேப்தான். அதில் ஆச்சியின் தோளுக்கும் சுவருக்கும் நடுவே பத்து இருபது பிக்சல் அகலத்தில் ஒரு மங்கல் பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் விழும் தோள் பகுதி ஆச்சியோடும் நகராது, சுவரோடும் நிற்காது. நடுவில் வளைந்து தொங்கும்.

இதற்கு நான் செய்வது: மூலப் படத்தில் ஆளைக் கவனமாகத் தேர்வு செய்து மாஸ்க் (ஆளின் வடிவத்தை மட்டும் பிரித்துக் காட்டும் மறைப்பு) போடுகிறேன். அந்த மாஸ்க்கை இரண்டு மூன்று பிக்சல் வெளிப்பக்கம் விரிக்கிறேன். மேப்பில் மாஸ்க்குக்குள்ளே ஆளின் சாம்பல் விளிம்புவரை வரட்டும். வெளியே சுவரின் சாம்பல் விளிம்புவரை வரட்டும். நடுவே ஒரு பிக்சல் மென்மை போதும். ஏன் வெளிப்பக்கம் விரிக்க வேண்டும்? இழுபடுவது எப்படியும் இழுபடும். அது தோளில் நடந்தால் கண்ணில் குத்தும், வெறும் சுவரில் நடந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்த நாளில் என் படங்கள் பாதி சரியாகிவிட்டன.

இடைவெளியை நிரப்ப, பின்னணியைத் தனி லேயராக எடுத்து, ஆள் இருந்த இடத்தில் சுவரைக் குளோன் டூலால் (படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் கருவி) வரைய வேண்டும். ஆளை முழுக்க அழித்துச் சுவர் முழுவதையும் வரையத் தேவையில்லை. 2000 பிக்சல் அகலப் படத்தில் மொத்த நகர்த்தல் 40 பிக்சல் என்றால் ஓரத்தையொட்டி 40 பிக்சல் பட்டை போதும். முதல் தடவை நான் ஆச்சிக்குப் பின்னால் இருந்த சுவர், தூண், கதவு எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். அதில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே தெரியவில்லை.

இன்னொரு சிக்கனம்: ஒரு படத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் தள்ளுவதைவிட, பாதி நகர்த்தலை இடதுக்கும் பாதியை வலதுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு படத்திலும் இடைவெளி பாதியாகிவிடும். ஆனால் இரண்டையும் திருத்த வேண்டும். நான் குடும்பப் படங்களுக்கு இடதை அப்படியே விட்டுவிடுவேன்; ஒரு கண்ணிலாவது முகங்கள் பழுதில்லாமல் இருக்கட்டும் என்று.

முடி தனித் தலைவலி. சித்தியின் நெற்றியில் பறக்கும் நாலு முடிக்கு மாஸ்க் போட முயன்று தோற்றபின் கண்ட வழி: அந்த நாலு முடியையும் பின்னணியிலிருந்து அழித்துவிடுவது. யாரும் தேட மாட்டார்கள்.

ஆட்கள் அட்டையில் வெட்டி நிறுத்தினாற்போல் இருக்கிறார்கள்

மேலே சொன்ன மாஸ்க் வேலையின் பக்கவிளைவு இது. மாஸ்க்குக்குள் ஒரே சாம்பலைக் கொட்டினால் ஆள் கட்அவுட் ஆகிவிடுவார். தானியங்கி மேப் தந்த உள் ஏற்ற இறக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் திருத்துங்கள். கையால் வரைவதானால் சின்ன வேறுபாடுகள் போதும். சாம்பலை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை எண்ணினால், என் படத்தில் ஆச்சியின் உடம்பு 200 என்றால் மூக்கு 206, காது 196, மடியில் வைத்த கை 215, முழங்கால் 225. இவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் முன்னால் வந்துவிட்டால் நாற்காலியும் தானாக நம்பும்படி ஆகிவிடும்.

சாம்பலைச் செலவழிப்பதிலும் கணக்கு உண்டு. நம் கண்களுக்கு இடையே சராசரியாக 6.5 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு மீட்டர் தூரத்துக்கும் இரண்டு மீட்டர் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் பளிச்சென்று தெரியும். ஐம்பது மீட்டருக்கும் ஐம்பத்தொன்றுக்கும் தெரியவே தெரியாது. எனவே 256 படிகளில் பெரும்பகுதியை முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். தூரத்து மலைக்கும் அதற்குப் பின்னால் உள்ள மலைக்கும் தனித்தனிப் படி வைத்தால் மலைகள் பொம்மையாகிவிடும்.

ஒரு சமாதானம்: தொலைவிலிருந்து ஜூம் செய்து எடுத்த படங்கள், உண்மையான ஸ்டீரியோ கேமராவால் எடுத்தாலும் அட்டைத்தனமாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

தரை படிக்கட்டாகத் தெரிகிறது

நகர்த்தல் முழுப் பிக்சல் கணக்கில் நடக்கும்போது வருவது. திண்ணைத் தரை முன்னாலிருந்து பின்னால்வரை பத்துப் பிக்சல் மட்டுமே நகர்கிறது என்றால் பத்துப் படிகள் தெரியும். பிக்சலுக்குள் பகுத்து நகர்த்தும் இன்டர்போலேஷன் வசதி இருந்தால் இயக்குங்கள். மேப்பை 16 பிட்டில் வையுங்கள். தரையை மட்டும் தேர்வு செய்து லேசாக மங்கலாக்குங்கள். மேப் முழுவதையும் மங்கலாக்கிவிடாதீர்கள், ஓரங்கள் போய்விடும். படியாக இல்லாமல் கட்டம் கட்டமாக அலையடித்தால் மேப்பை ஜேபெக்காகச் சேமித்திருக்கிறீர்கள். பிஎன்ஜியில் சேமியுங்கள்.

இரட்டை நிழல் தெரிகிறது

அனாகிளிஃப்புக்கே உரிய தொல்லை. வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் கறுத்த கதவு இருந்தால் வேட்டிக்கு ஒரு பேய் நிழல் ஒட்டிக்கொள்ளும். முதலில் கண்ணாடியைச் சோதியுங்கள். கறுப்புப் பின்னணியில் தூய சிவப்பில் ஓர் எழுத்து, தூய சயானில் ஓர் எழுத்து எழுதுங்கள். இடது கண்ணில் சிவப்பு எழுத்து மட்டும், வலது கண்ணில் சயான் எழுத்து மட்டும் தெரிய வேண்டும். கசிந்தால் கண்ணாடியோ திரையோ காரணம். திரையில் இரவு நேர மஞ்சள் முறை ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். நான் ஒரு மாலை முழுக்க அதனால் வீணடித்திருக்கிறேன்.

சோதனையில் சரியாக வந்து, படத்தில் மட்டும் கசிந்தால் சேமித்த விதத்தைப் பாருங்கள். ஜேபெக் பொதுவாக நிறத் தகவலைப் பாதித் துல்லியத்தில்தான் வைக்கும். சாதாரணப் படத்தில் அது தெரியாது. அனாகிளிஃப்பில் இரண்டு கண்களையும் பிரிப்பதே நிறம்தான் என்பதால் ஒன்று மற்றொன்றில் ஒழுகிவிடும். ஜிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சப்சாம்பிளிங்கை 4:4:4 என்று வையுங்கள், அல்லது பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தோடு இது முடிந்துவிடும். கலர் படத்தில் அடுத்த பூதம் சிவப்புச் சேலை. அது சிவப்புக் கண்ணாடி வழியே வெளுத்தும், சயான் வழியே கறுத்தும் தெரியும். இரண்டு கண்ணும் சண்டை போட, சேலை மினுமினுக்கும். அக்கா கல்யாணப் படங்களில் பாதி இப்படித்தான் போயின. மென்பொருளில் முழுக் கலருக்குப் பதில் அரைக் கலரையோ (நிறத்தைக் குறைத்துக் காட்டும் முறை), எரிக் டுபுவா என்ற ஆய்வாளர் அனாகிளிஃப்புக்காக 2001இல் வெளியிட்ட கணக்கு முறையையோ தேர்ந்தெடுங்கள். பட்டின் அசல் சிவப்பு கொஞ்சம் மங்கும். வேறு வழியில்லை.

கண் வலிக்கிறது

காரணம் பெரும்பாலும் ஆசை. மொத்த நகர்த்தல் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி, ஏறத்தாழ 3 சதவீதம். சுவரையொட்டி எடுத்த குழுப் படத்துக்கு 2 சதவீதமே தாராளம்.

கணினியில் நன்றாக இருந்தது, குடும்ப விழாவில் புரொஜெக்டரில் போட்டதும் எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள் என்றால் அது அளவுக் கணக்கு. 53 சென்டிமீட்டர் அகல மானிட்டரில் 3 சதவீதம் என்பது 16 மில்லிமீட்டர். அதே படம் 3 மீட்டர் திரையில் 90 மில்லிமீட்டர். தூரத்துப் பொருளின் இரண்டு பிம்பங்களுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி வந்தால் கண்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்க வேண்டியிருக்கும். மனிதக் கண்ணுக்கு அது பழக்கமில்லை. திரைக்குப் பின்னால் போகும் எதுவும் நம் கண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குள் நிற்கட்டும்.

நகர்த்தல் குறைவாகவே இருந்தும் வலித்தால் மேல்கீழ் விலகலைத் தேடுங்கள். ஒரே படத்திலிருந்து செய்வதில் அது வரவே கூடாது. ஆனால் ஜிம்ப்பின் டிஸ்பிளேஸ் ஃபில்டரில் எக்ஸ், ஒய் என இரண்டு திசைக்கும் எண் உண்டு. ஒய் எண்ணைச் சுழியமாக்க மறந்தால் ஆச்சி இடப்பக்கம் நகர்வதோடு கொஞ்சம் மேலேயும் ஏறியிருப்பார்.

ஓரத்தில் வெட்டுப்பட்ட பையன் உறுத்துகிறான்

சட்டகத்தை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவனை ஜன்னலின் சட்டம் எப்படி வெட்டும்? மூளை குழம்புகிறது. எளிய வழி, இரண்டு படங்களையும் ஒன்றுக்கொன்று தள்ளி எல்லோரையும் ஜன்னலுக்குப் பின்னால் அனுப்புவது. பையனை மட்டும் முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னலையே முன்னால் கொண்டுவரலாம்: இடது கண் படத்தின் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை. வலது ஓரத்தில் இதே சிக்கல் என்றால் வலது கண் படத்தின் வலது ஓரத்தில். கீழ் ஓரத்தில் கால்கள் வெட்டுப்படுவதைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சில பொருள்கள் மட்டும் தப்பான இடத்தில் இருக்கின்றன

தானியங்கி மேப் படத்துக்குள் இருக்கும் படத்தையும் நிஜம் என்று நம்பிவிடும். காலண்டரில் இருந்த முருகன் வேலோடு சுவரை விட்டு வெளியே வந்து நின்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன். பிறகு காலண்டர் முழுவதையும் சுவரின் சாம்பலால் நிரப்பித் தட்டையாக்கினேன். மரக்கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகள் மரத்தோடு ஒட்டி வருவதும், கரண்ட் கம்பி வானத்தில் கரைந்துபோவதும் இதே குடும்பம். இவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

நீரில் விழும் பிம்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தெப்பக்குளத்தில் கோபுரம் தெரிகிறது என்றால், மேப் அதை நீர்ப்பரப்பின் தூரத்தில் வைக்கும். உண்மையில் பிம்பம் கோபுரம் இருக்கும் அளவு தூரத்தில், நீருக்கு அடியில் ஆழத்தில் தெரிய வேண்டும். அதைச் சரியாக வைத்து, மேலே மிதக்கும் இலையை மட்டும் நீர்ப்பரப்பில் நிறுத்திப் பாருங்கள். முகக்கண்ணாடிக்கும் இதே கணக்குதான்.

பழைய படங்களில் தூசியும் கீறலும் உண்டு. ஆழம் கொடுத்ததும் அவை ஆச்சியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அவரோடு எழும்பும். மாற்றுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். பின்னால் துடைத்தால் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரி துடைக்க வராது, ஒரு கண்ணில் மட்டும் மிஞ்சும் புள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும். குளோன் செய்த சுவர்ப் பட்டை மட்டும் வழவழப்பாகத் தெரிந்தால், பழைய ஃபிலிமின் மணல்தன்மைக்கு ஈடாகக் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் நம்பும்படி இல்லை

இதற்கு என்னிடம் ஒரே வழிதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே அதேபோல் சிலரை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றி 6 சென்டிமீட்டர் நகர்ந்து இன்னொன்று எடுங்கள். கிட்டே இருப்பவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். யாரும் அசையக் கூடாது. பிறகு இடது படத்தை மட்டும் வைத்து வழக்கம்போல் மேப் போட்டு வலது படத்தைச் செய்யுங்கள். நீங்கள் செய்த வலதையும் கேமரா எடுத்த வலதையும் மாறி மாறிப் பாருங்கள். நான் பார்த்தபோது ஆட்களுக்கு நடுவே ஆழத்தை அள்ளிக் கொட்டியிருந்தேன், தரைக்குக் கொடுக்கவே இல்லை. அன்று இரவே ஆச்சி படத்தின் மேப்பைத் திறந்து, திண்ணைத் தரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.